பிரதீக் குஹாட்டின் இசைப்பாடல்களும் அயலகப் பாராட்டும்

இசைப்பாடல் சொல்லும் பண்ணும் கூடிப் பிறப்பது. சொல்லை மட்டும் பிரித்தெடுத்து ஆராயின் அதன் உயிர் பாதி நீங்கும். பண்ணை மட்டும் கேட்டு மகிழின் பொருள் பாதி ஒழியும். இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து நோக்கும் முறையில், இந்தியிலும் ஆங்கிலத்திலும் பாடல் புனைந்து பாடிவரும் பிரதீக் குஹாட் அவர்களின் ஆக்கங்களை ஈண்டு ஆராய்வாம். அவர்தம் புகழ் கடல் கடந்து பரவியுள்ளது. அப்புகழ் அவர் பாடல்களின் எப்பண்பு பற்றி எழுந்தது, அப்பண்பே அவர் ஆக்கங்களுள் தலையாயதா என்பனவே நம் வினாக்கள்.

குஹாட் 1990ஆம் ஆண்டு ஜெய்ப்பூரில் பிறந்தவர். நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பொருளியலும் பயின்றவர். பாடலுக்குத் திரைப்படமே பெருவழியாக உள்ள இந்நாட்டில், தாமே எழுதித் தாமே பண்ணமைத்துத் தாமே பாடும் தனிவழியை அவர் தேர்ந்துகொண்டார். 2015இல் 'இன் டோக்கன்ஸ் அண்ட் சார்ம்ஸ்' என்னும் தொகுப்பும், 2018இல் ஆறு ஆங்கிலப் பாடல்கள் கொண்ட 'கோல்டு/மெஸ்' என்னும் சிறு தொகுப்பும் வெளிவந்தன. 2019 டிசம்பரில், அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா, அவ்வாண்டில் தாம் விரும்பிக் கேட்ட பாடல்களின் பட்டியலில் 'கோல்டு/மெஸ்' பாடலையும் சேர்த்து வெளியிட்டார். 2020இல் எலெக்ட்ரா என்னும் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் குஹாட்டோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2022இல் 'தி வே தட் லவ்வர்ஸ் டூ' என்னும் ஆங்கிலத் தொகுப்பு வெளிவந்தது.

இனி, பாராட்டுப் பெற்ற பாடலின் இயல்பைக் காண்போம். விடவும் இயலாத, வைத்துக்கொள்ளவும் இயலாத காதலே அதன் பொருள். 'குளிர்ச்சி', 'குலைவு' எனப் பொருள்படும் இரு சொற்களைச் சாய்கோடு ஒன்று பிரித்து நிற்கிறது. அத்தொகுப்பின் வேறு இரு பாடல்களின் தலைப்புகளிலும் இதே சாய்கோடு உண்டு. இணைப்புச் சொல் இட்டிருப்பின் இரு நிலைகளும் ஒருவாறு இயைந்திருக்கும். சாய்கோடோ அவற்றை அருகருகே நிறுத்தி இயையவிடாது தடுக்கிறது. காதலர் இருவரின் நிலையும் அத்தகையதே என்பது கருதத்தக்கது. பாடும் முறையும் இதற்கு ஏற்ப அமைந்துள்ளது. கித்தார் நரம்புகளை விரலால் மெல்ல மீட்டி, உரக்கப் பாடாது, பக்கத்தில் இருப்பார்க்குச் சொல்வதுபோல் தாழ்ந்த குரலில் பாடுகிறார். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவார் சொல் கேட்போரை உருக்குவதுபோல், அவ்வடக்கமே இப்பாடலுக்கு ஆற்றல் தருகிறது. இதனை அவர்தம் தனிச்சிறப்பு எனத் தயக்கமின்றிக் கூறலாம்.

ஆயினும் ஒரு குறையையும் சுட்டுதல் திறனாய்வின் கடனாகும். இப்பாடலில் இடம் இல்லை. நிகழ்ந்தது தில்லியிலா, நியூயார்க்கிலா என அறிதற்கு ஒரு மரமோ, தெருவோ, பருவமோ சான்றாக வரவில்லை. உணர்ச்சி எல்லார்க்கும் பொதுவாதலின் இடம் வேண்டுவதின்று என்பார் உளர். நம் அகப்பொருள் மரபு இதற்கு விடை தருகிறது. அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறாது. அதனால் அவ்வுணர்ச்சி யாவர்க்கும் உரியதாகிறது. எனினும் நிலமும் பொழுதும் கருப்பொருளும் அங்குச் செறிந்து நிற்கின்றன. பொதுமை பெறுதற்காக மண்ணைத் துறக்க வேண்டுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

2020இல் வெளிவந்த 'கசூர்' என்னும் இந்திப் பாடலை இதனோடு ஒப்பிடுவோம். 'குற்றம்' எனப் பொருள்படும் அச்சொல் அரபியில் தோன்றி உருதுவிலும் இந்தியிலும் வழங்குவது. காதலியின் கூந்தலிலும் கண்ணின் மயக்கிலும் தன்னை இழந்தவன், இதில் தன் குற்றம் யாது என வினவுகிறான். கூந்தல், கண், மயக்கம் ஆகியவை உருதுக் காதற் கவிதையில் பல நூற்றாண்டுகளாகப் பயின்றுவருபவை. ஆதலின் ஒவ்வொரு சொல்லும் தன் பின்னே ஒரு மரபின் நினைவைச் சுமந்து வருகிறது. தாழ்ந்த குரலும் எளிய நரம்பிசையும் ஆங்கிலப் பாடலில் உள்ளனவே. ஆயின் அங்குக் குரல் தனித்து நின்று செய்யும் பணியை, இங்கு மொழி உடன்நின்று செய்கிறது. ஊரடங்குக் காலத்தில் வெளிவந்த இதன் காட்சிப்படமும் பலருடைய முகக்குறிப்புகளை மட்டுமே காட்டிச் சென்றது. முகத்தில் தோன்றும் மெய்ப்பாடே பொருளை உணர்த்தப் போதும் என்னும் துணிவு அதில் புலனாகிறது.

எனவே, அயலகப் பாராட்டை மிகுதியும் ஈர்த்தது ஆங்கிலப் பாடலாயினும், ஆழம் மிக்கது இந்திப் பாடலே என்பது நம் துணிபு. இத்தகைய நிலை இந்திய இலக்கியத்திற்குப் புதிதன்று. 1912இல் இலண்டனில் வெளிவந்த ஆங்கிலக் கீதாஞ்சலி, 1913இல் தாகூர் நோபல் பரிசு பெற வழிவகுத்தது. வங்க மக்கள் இன்றும் பாடி வருவதோ அவர்தம் வங்கப் பாடல்களையே. குஹாட்டைத் தாகூரோடு ஒப்ப வைப்பது நம் கருத்தன்று. பாராட்டு வரும் வழியும் பாடல் வேரூன்றும் நிலமும் வேறாகலாம் என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

அயலார் பாராட்டினர் என்பதற்காகவே ஒரு பாடலை உயர்த்துவதும், அதே காரணத்தால் அதனை ஐயுறுவதும் ஒக்கப் பிழையாம். இரண்டும் தம் செவியால் கேளாது பிறர் செவியை நம்புவனவாகும். குஹாட் இரு மொழிகளிலும் தொடர்ந்து எழுதக்கூடியவர். ஆங்கிலப் பாடலில் கைவந்த அடக்கத்தோடு இந்திப் பாடலின் மொழிவளத்தையும் நிலத்தின் சாயலையும் ஒன்றுசேர்ப்பாராயின், அவர்தம் பாடல்கள் புகழினும் நெடுநாள் வாழும் என எதிர்பார்த்தல் தகும்.