எட்ட இருந்து வீசிய கோப்பும் வீட்டிலிருந்து வேலையும்

திருநகரில் எங்கள் தெருவில் மாடியில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கிற பையன்கள் இருக்கிறார்கள். கீழே, விடிந்தும் விடியாமல் தள்ளுவண்டியோடு வருகிற அக்காவும் இருக்கிறார். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது மாடி கதவைச் சாத்திக்கொண்டது. அக்கா வந்துகொண்டுதான் இருந்தார். பஸ் இல்லை, நடந்து வந்தார். "வீட்டுல இருந்துக்கிட்டே ஒங்க தெருவக் கூட்ட முடியுமாப்பா?" என்று கேட்டார். நான் படித்த எம்.ஏ. தமிழில் அதற்குப் பதில் இல்லை.

அதற்குப் பிறகு எத்தனை கட்டுரைகள்! நேரில் போய்ச் செய்யும் வேலையா, வீட்டிலிருந்து வேலையா, எதில் உற்பத்தி கூடும், எதில் மனசுக்கு நிம்மதி என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். எழுதியவர்களுக்கு ஒரு வீடு இருந்தது, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருந்தது. சாதி மட்டும் அந்தக் கட்டுரைகளுக்குள் வரவேயில்லை. பீடி சுற்றுகிற பெண்கள் எத்தனை காலமாக வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள்! 1966-இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றுதான் சேர்த்தது. அதை இவர்கள் யாரும் 'எதிர்கால வேலைமுறை' என்று கொண்டாடவில்லை.

இவர்கள் படிக்காமல் விட்ட ஒரு பிரதி, அம்பேத்கர் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-இல் பரோடா சமஸ்தானத்து வேலைக்கு வருகிறார். ஊரில் தங்க வீடு இல்லை. பார்சி விடுதியில் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு கூட்டம் வந்து காலி செய்யச் சொல்கிறது. வேலை கிடைத்தும் வீடு கிடைக்காததால் பம்பாய்க்குத் திரும்புகிறார். அந்த அலுவலகத்தில் பியூன்கள் கோப்புகளை எட்ட இருந்தே அவர் மேசையில் வீசினார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எட்ட இருந்து வேலை பார்ப்பதை இணையமா கண்டுபிடித்தது? ஒரே அறைக்குள்ளேயே அதைச் செய்து காட்டியது சாதி.

இன்னொரு பிரதி, திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்'. 2017-இல் வந்த ஆவணப்படம். மதுரையில் 2015-இல் நடந்த விஷவாயுச் சாவுகளிலிருந்து பிறந்தது. அந்தப் படத்தின் பலம், காமிரா மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்காததுதான். மலத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அள்ளுகிறவர்களைப் பேசவிட்டுக் கேட்கிறது. மலத்தைக் கையால் அள்ள வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதன் பிறகும் குழிக்குள் ஆள்தான் இறங்குகிறார். 'நேரில் வேலை' என்பதற்கு இந்த நாட்டில் அதுவும் ஓர் அர்த்தம்.

ஆக, மலக்குழிக்கு நாம் நேரில் வந்தாக வேண்டும். நாற்காலிக்கு மட்டும் வரக்கூடாது. மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராக வென்ற முருகேசனையும் சேர்த்து ஆறு பேரை 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொன்றார்கள். மதுரைக்கு ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-இலிருந்து 2006 வரை தலைவர் நாற்காலியில் ஒரு தலித்தை உட்காரவிடவில்லை. அந்த நாற்காலியில் உடம்போடு போய் உட்காருவதற்கு நாம் கொடுத்த விலை இது.

கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிற நம்ம பொண்ணு ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வந்தாள். "அண்ணே, ஆபீஸ்ல டிபன்பாக்ஸத் தொறந்தா எட்டிப் பாப்பாங்க. சொந்த ஊரு எது, ஊருக்குள்ள எந்தத் தெருன்னு கேப்பாங்க. வீட்டுல இருந்தா வேலைய மட்டுந்தான் பாக்குறாங்க. இதையும் புடுங்கணுமா?" நியாயம்தான். அந்த நிம்மதியை வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் எட்டிப் பார்த்தவன் அதே அலுவலகத்தில், அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். காலியானது அவளுடைய நாற்காலி. இதைச் சொன்னேன்.

"அப்ப அவன வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கண்ணே" என்றாள்.