மண்ணில் பட்ட முதுகு

அண்ணனூரில் எங்கள் தெருவிலேயே குஸ்தி தெரிந்த ஒருவர் இருக்கிறார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ரிது போகட்டும் தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸும் மோதிய இறுதிப் போட்டியின் படத்தை அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாவது சுற்றில் ரிது எதிராளியைக் கீழே சாய்த்ததும் மனிதர் தொடையைத் தட்டினார்.

"முடிஞ்சுது சார்! முதுகு மண்ணுல பட்டாச்சு."

முடிந்துதான் போயிற்று. கீழே கிடந்த ஸ்டாம்ப் கால்களால் ரிதுவின் கழுத்தை வளைக்கப் பார்த்தார். அது சரிப்படாமற் போகவே, கையைப் பற்றி முழங்கையை முறுக்கினார். ரிது தோல்வியை ஒப்புக்கொண்டார்.

"அதிர்ஷ்டம்" என்றார் நண்பர்.

இதை நான் ஏற்கவில்லை. மல்லாந்து கிடப்பவர், மேலே இருப்பவரைத் தம் கால்களுக்கிடையே சிறைப்படுத்துவதை ஜியு-ஜிட்சுவில் 'கார்டு' என்கிறார்கள். 1994 டிசம்பரில், அமெரிக்காவின் டல்சா நகரில், டான் செவர்ன் என்ற மாமல்லருக்கு அடியில் கால் மணி நேரத்துக்கு மேல் கிடந்த ராய்ஸ் கிரேஸி கடைசியில் கால்களாலேயே அவர் கழுத்தை நெரித்து வென்றார். அதன் பிறகு மல்லர்கள் விழித்துக்கொண்டார்கள். மேலே இருந்தபடி குத்துவதற்கும், பூட்டிலிருந்து நழுவுவதற்கும் பயின்றார்கள். சும்மா காலைப் பின்னிக்கொண்டு காத்திருப்பவருக்கு இன்று குத்துத்தான் மிச்சம்; நடுவர்களின் புள்ளியும் மேலே இருப்பவருக்கே போகும். எதிராளியின் தலையையும் மணிக்கட்டையும் பிடித்து, அவரை நிமிரவிடாமல், இடுப்பை ஒரு பக்கமாக நகர்த்தி, ஒரு பூட்டு தவறினால் மறு பூட்டுக்குத் தாவ வேண்டும். ஸ்டாம்ப் செய்தது இதைத்தான். இத்தனைக்கும் அவர் உதையிலும் குத்திலும் பேர் வாங்கியவர். தரைச் சண்டை அவருக்குப் பிறகு கற்ற பாடம்.

ரிதுவின் குறை, அவர் கற்ற வித்தையின் குறை. 'தங்கல்' படத்தில் அவருடைய அக்காக்களின் கதையைப் பார்த்துக் கைதட்டினோமே, அதே மகாவீர் போகட்டின் அகாடாவில் வளர்ந்தவர். இதே சிங்கப்பூரில் 2016-இல் காமன்வெல்த் மல்யுத்தத் தங்கம் வாங்கியவர். அந்த ஆட்டத்தில் மூட்டை முறுக்குவதற்கு அனுமதியே இல்லை. எதிராளியைச் சாய்த்தபின் நம் கை எங்கே கிடக்கிறது என்று மல்லர் எதற்குக் கவலைப்பட வேண்டும்? பல வருஷப் பழக்கம் இரண்டு வருஷத்தில் போய்விடுமா?

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். பதில் பேசவில்லை. படத்தை மறுபடி போடச் சொன்னார். இந்தத் தடவை தொடையைத் தட்டவில்லை. ரிதுவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.