ஊடலும் விளியும்: ‘மிஸ்ஸம்மா’, ‘மிஸ்ஸியம்மா’ – ஓர் ஒப்புநோக்கு

மணம் புரியாத இருவர் வழிப்பயணத்தில் கணவன் மனைவியாக நடிப்பது நகைச்சுவைத் திரைப்படத்தின் பழைய உத்திகளுள் ஒன்று. ஃபிராங்க் காப்ராவின் ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ (1934) படத்தில் வீட்டைவிட்டு ஓடிவந்த செல்வர் மகளும் வேலையிழந்த செய்தியாளனும் வழியில் ஒரே விடுதியறையில் தங்க நேர்கிறது. தேடிவந்த துப்பறிவோர் உள்ளே நுழைந்ததும் இருவரும் ஒருவரையொருவர் ஏசிச் சண்டையிடத் தொடங்குகின்றனர். வந்தவர்கள் ஐயம் நீங்கித் திரும்பிவிடுகின்றனர். அவர்கள் கொஞ்சிப் பேசியிருந்தால் ஐயம் வலுத்திருக்கும். மணமானவர்க்குச் சண்டையே சான்று. இந்தியில் ‘சோரி சோரி’ (1956) முதலாகப் பல படங்கள் இக்கதையைத் தழுவி எழுந்தன.

தமிழ் மரபறிந்தார்க்கு இதில் வியப்பில்லை. களவுக்கும் கற்புக்கும் இலக்கண மரபு வகுத்த வேறுபாடுகளுள் ஊடலும் ஒன்று. அது பெரும்பாலும் கற்புக்கே உரியது. குறளின் இறுதி மூன்று அதிகாரங்களும் புலவியையும் ஊடலையும் பாடுவன. அங்கே தும்மல் ஒன்றே சண்டைக்குப் போதுமான காரணமாகிவிடுகிறது. ஊட வேண்டுமாயின் முதலில் மணம் வேண்டும் என்பது மரபு. மணமில்லாத இருவர் ஊடினால் என்ன நிகழும் என்ற வினாவைத் தென்னிந்தியத் திரைப்படத்தில் மிக நுட்பமாக எழுப்பிய படைப்பு, விஜயா நிறுவனம் தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’ எனவும் தமிழில் ‘மிஸ்ஸியம்மா’ எனவும் 1955 ஜனவரியில் வெளியிட்ட இரட்டைப் படமாகும். இவ்விரு வடிவங்களிலும் ஊடலின் மொழி எவ்வாறு அமைகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இரண்டையும் இயக்கியவர் எல். வி. பிரசாத். மூலக்கதை ரவீந்திரநாத் மைத்ராவின் வங்க நாடகமான ‘மான்மயீ கேர்ள்ஸ் ஸ்கூல்’. திரைக்கதை அமைத்த சக்ரபாணி, சரத்சந்திரரின் வங்க நாவல்களைத் தெலுங்கில் பெயர்த்துப் புகழ்பெற்றவர்; ஆகவே இப்படத்தின் பிறப்பிலேயே மொழிபெயர்ப்பாளரின் கை இருக்கிறது. கதை எளியது. ஜமீன்தார் ஒருவர் தொலைந்துபோன தம் மகளின் பெயரால் நடத்தும் பள்ளிக்குப் பட்டம் பெற்ற கணவனும் மனைவியும் ஆசிரியர்களாக வேண்டும் என்று விளம்பரம் செய்கிறார். கடன் கொடுத்தவனின் தொல்லைக்கு ஆளான கிறித்தவப் பெண் மேரியும் வேலையற்ற இந்து இளைஞன் ஒருவனும் தம்பதியர் எனப் பொய்கூறி ஊர்விட்டுப் புறப்படுகின்றனர். தெலுங்கில் என். டி. ராமராவும் தமிழில் ஜெமினி கணேசனும் நாயகர்; இரண்டிலும் நாயகி சாவித்திரி. காப்ராவின் இணை செல்லும் வழி நெடியது. இவர்களுடைய பயணமோ சேரிடத்தில் முடிவதில்லை. பொய்யான இல்லறம் முழுவதுமே வழியில் தங்கும் விடுதியறை போன்றதுதான்.

தலைப்புச் சொல்லிலேயே கதையின் முரண் அடங்கியுள்ளது. ‘மிஸ்’ என்பது மணமாகாதவளைச் சுட்டும் ஆங்கில அடை. ‘அம்மா’ என்பது தாயையும் மதிப்புக்குரிய பெண்ணையும் குறிப்பது. தெலுங்கு இரண்டையும் நேரே ஒட்டியது. தமிழ், வெள்ளைக்கார வீட்டு வேலையாட்களின் வாயில் பயின்ற ‘மிஸ்ஸி’ என்னும் வடிவை எடுத்துக்கொண்டது. ‘மிஸ்ஸம்மா’ என்றால் கிறித்தவப் பள்ளி ஆசிரியை கண்முன் நிற்கிறாள். ‘மிஸ்ஸியம்மா’ என்றால் பங்களா வாசலும் சேர்ந்து நிற்கிறது. இந்த வேறுபாடு திட்டமிட்டதா என்பது வேறு வினா. ஆனால் ஊரார் முன் ஒருவனுக்கு மனைவியாக நடிப்பவளை அவளது கன்னிமையைக் கூறும் சொல்லாலேயே இருவடிவங்களும் அழைக்கின்றன. 1957இல் இந்தியில் ‘மிஸ் மேரி’ என ஆனபோது ‘அம்மா’ உதிர்ந்தது. அதனோடு நகையும் பாதி உதிர்ந்தது.

நாயகன் பெயரிலும் ஓர் இழப்பு உண்டு. தெலுங்கில் அவன் எம். டி. ராவ். அவ்விரு ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து ஒலித்தால் ‘காலி’ என்ற பொருள் வரும். வேலையற்றவனுக்குப் பொருத்தமான பெயர். தமிழில் அவன் பாலு. இயல்பான பெயர்தான், எனினும் அதில் சிரிப்பு இல்லை.

இனி விளிக்கு வருவோம். தெலுங்கிலும் தமிழிலும் மனைவி கணவனைப் பெயரிட்டு அழைக்காத வழக்கு அக்காலத்தில் பொதுவானது. ‘ஏமண்டி’ என்றும் ‘என்னங்க’ என்றும் விளிப்பது, பிறரிடம் ‘மா ஆயன’ என்றும் ‘எங்க வீட்டுக்காரர்’ என்றும் சுட்டுவது ஆகியவை இருமொழிக் குடும்பங்களில் ஒன்றுக்கொன்று நேரான வழக்குகள். பொய்த் தம்பதியர்க்கு இவ்வழக்கு பெருந்துணை. பெயரே சொல்லாமல் ஓர் ஆணுடன் வாழ்நாள் முழுதும் பேசிவிட மொழி இடம் தருவதால், அறிமுகமற்றவனுடன் பேசுவதும் கணவனுடன் பேசுவதும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகிவிடுகின்றன. அந்நியனுக்குரிய ‘மீரு’வும் கணவனுக்குரிய ‘மீரு’வும் ஒன்றே, ‘நீங்க’வும் அவ்வாறே. ஆங்கிலத்தில் எழுத்துரை அமைப்போர் இந்த இரட்டைப் பயனைக் காட்ட வழியின்றி எல்லாவற்றையும் ஒரே முன்னிலைப் பெயராக்கிவிடுகின்றனர்; அதனால் மேரி மரியாதை காட்டுகிறாளா விலகி நிற்கிறாளா என்பது பார்வையாளர்க்கு எட்டுவதில்லை.

படர்க்கையில் மொழிகள் பிரிகின்றன. தெலுங்கு இலக்கணம் ஆண்பாலை மகத்து என்றும் பெண்பாலை மகதி என்றும் ஏனையவற்றை அமகத்து என்றும் பகுக்கும். ஒருமையில் மகதிக்கும் அமகத்துக்கும் வினைமுற்று ஒன்றே: ‘ஆமெ வச்சிந்தி’, ‘அதி வச்சிந்தி’. பன்மையிலோ மகதி மகத்தோடு சேர்ந்துகொள்கிறது. தமிழில் ‘அவள் வந்தாள்’, ‘அது வந்தது’ எனத் திணையும் பாலும் பிரிந்தே நிற்கும். ஆகவே நாயகன் தன் ‘மனைவி’யைப் பற்றி மூன்றாமவரிடம் குறைகூறும்போது, தெலுங்கில் இலக்கணமே அவளை ஒரு பொருளோடு ஒருங்கு நிறுத்துகிறது, அதில் இகழ்ச்சியைக் கேட்பதும் கேளாததும் கேட்போர் விருப்பம். தமிழில் பேசுவோன் ‘அவள்’ என்பதா ‘அவங்க’ என்பதா என்று தேர்ந்தாக வேண்டும். தேர்ந்த கணத்திலேயே உறவின் நெருக்கம் வெளிப்பட்டுவிடும். தெலுங்கு தன் பேச்சாளனைக் காத்துக்கொள்ள விடுகிறது, தமிழ் விடுவதில்லை.

இந்த வேறுபாட்டின் உச்சம், நிலவை விளித்து இருவரும் ஒருவர்மீது ஒருவர் முறையிடும் பாடல். தெலுங்குப் பாடலைப் பிங்களி நாகேந்திரராவும் தமிழ்ப் பாடலைத் தஞ்சை ராமையாதாசும் இயற்றினர். மெட்டு சாலூரி ராஜேஸ்வரராவுடையது. இருமொழியிலும் பாடியவர்கள் ஏ. எம். ராஜாவும் பி. லீலாவுமே. மெட்டும் குரலும் காட்சியும் மாறாமல் சொல் மட்டுமே மாறுவதால், மொழிபெயர்ப்பாய்வுக்கு இதைவிடத் தூய்மையான சான்று அரிது.

தெலுங்கில் விளிக்கப்படுவது ‘சந்தமாமா’. அதாவது உறவுமுறை கொண்ட ஆண். ‘ஓயி’ என்னும் விளியுருபு அவரை நெருங்கிய தோழராகவும் ஆக்குகிறது. தமிழுக்கும் ‘அம்புலிமாமா’ அந்நியரல்லர். 1947இல் தொடங்கிய ‘சந்தமாமா’ இதழின் தமிழ் வடிவம் அப்பெயரையே பூண்டது, அவ்விதழும் இப்படமும் நாகிரெட்டி, சக்ரபாணி ஆகிய அதே இருவருடைய முயற்சிகள். இருந்தும் ராமையாதாசு மாமனை விட்டு ‘வெண்ணிலா’வைத் தேர்ந்தார். அசையளவு மட்டும் காரணமாகாது. மாமனிடம் முறையிடுவது குடும்ப வழக்கு. நிலவிடம் முறையிடுவது அகப்பாடல் வழக்கு. தெலுங்கில் மேரியின் குறை ஒரு பஞ்சாயத்துக்குப் போகிறது. தமிழில் தோழியிடம் போகிறது. ‘வாராயோ’ என்னும் வினாவும் நோக்கத்தக்கது. ‘வாராய்’ என்பது ‘வா’ எனவும் ‘வரமாட்டாய்’ எனவும் இருபொருள் படுவது. அழைப்பும் ஏமாற்றமும் ஒரே சொல்லில் அமைந்துவிடுகின்றன. தெலுங்கு ஏவலில் இந்தத் தயக்கம் இல்லை.

கணவனையும் மனைவியையும் குறிக்க இருபாடல்களும் ‘பதி’, ‘சதி’ என்னும் வடசொற்களை ஆள்கின்றன. தெலுங்கில் ‘சதி’க்கு மனைவி என்ற பொருள் தெளிவு, தமிழ்ச் செவிக்கோ ‘சூழ்ச்சி’ என்ற பொருளே முன்னதாக எழும். சூழ்ச்சியால் அமைந்த இல்லறத்தைப் பாடும் பாட்டில் இதைக் குறை என்று தள்ளுவது நேர்மையன்று. தமிழ் வடிவம் தற்செயலாகவோ தெரிந்தோ மூலத்தைவிட ஒரு பொருள் கூடுதலாகப் பெற்றுள்ளது.

எதிரே நிற்பவர் கேட்கவேண்டியதை வேறொன்றை நோக்கிச் சொல்லும் இம்முறை சங்கப் பாடல்களின் கொளுக்களில் ‘தலைவன் சிறைப்புறத்தானாக’ என வருவதோடு ஒத்தது. அக்கொளு பெரும்பாலும் களவுக்குரியது. பாடலின் உள்ளடக்கமான ஊடலோ கற்புக்குரியது. களவின் வடிவமும் கற்பின் பொருளும் ஒரே பாட்டில் கூடியிருப்பது மரபுப்படி வழு. ஆனால் மேரியின் நிலையே அந்த வழுதான். உண்மையில் மணமாகாதவள், ஊரறிய மனைவி. பொய்யாகச் சூட்டிக்கொண்ட ‘சதி’, ‘பதி’ என்னும் பெயர்களை இருவரும் ஏசுவதற்காக எடுத்து ஆளுகின்றனர். ஆளும்போது அவை உண்மையாகிவிடுகின்றன. பின்னர் நாயகன் ஜமீன்தாரின் இளைய மகளுக்கு இசை கற்பிக்கையில் மேரி கொள்ளும் பொறாமைக்கு, இப்பாடல் முன்பே உரிமை வழங்கியிருக்கிறது.

இவ்விரு வடிவங்களையும் ஒருசேரச் செவிமடுக்க வல்லவர் வாழும் இடங்களுள் ஹைதராபாதின் தார்நாகாவும் ஒன்று. ஒருபுறம் உஸ்மானியாப் பல்கலைக்கழகமும் ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகமும்; மறுபுறம் இரயில்வேக் குடியிருப்புகள். பாசறைப் பணிக்கும் இரயில் பணிக்குமாகச் செகந்திராபாத் வட்டாரத்தில் குடியேறிய தமிழர் வழியினர்க்கு வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் உருதுவும் இயல்பு. ‘தார்’ என்பது கம்பி, ‘நாகா’ என்பது காவற்சாவடி; பழத்தோட்டத்துக்குக் கம்பிவேலியிட்டதால் வந்த பெயர் என்பர். இங்கு வாழ்வோர்க்கும் ‘மிஸ்ஸம்மா’வின் தெலுங்கு முழுதும் சொந்தமன்று. அதன் ‘அண்டி’ கிருஷ்ணா, குண்டூர் மாவட்டங்களின் நடுத்தர வர்க்கப் பேச்சு. தெலங்கானப் பேச்சில் அது அத்துணை இயல்பாக வருவதில்லை, ‘நுவ்வு’ பரந்து வழங்கும். எனவே மேரி காக்கும் தொலைவைக் கடற்கரையோர் மரியாதையாகக் கேட்பர். தெலங்கானத்தார் சற்றே செயற்கையாகக் கேட்கக்கூடும். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு இவ்வட்டார மாணவர்களிடம் இரு பாடல்களையும் அருகருகே கொடுத்து, மூன்றாவதாகத் தெலங்கானப் பேச்சில் ஒன்று ஆக்கச் சொன்னால், விளியின் இடர் பாடநூல் விளக்கத்தைவிட விரைவில் புலப்படும்.

படம் உருவான காலமும் நினைவிற்குரியது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. சென்னை யாருக்கு என்ற பூசல் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அப்பூசலின் சூடு ஆறுமுன்பே, அதே நகரில், ஒரே இயக்குநரின் கீழ் இருமொழிகளும் ஒரு கதையைப் பகிர்ந்துகொண்டன.

குறையும் உண்டு, அது சிறிதன்று. ஜமீன்தாரின் தொலைந்த மகள் மகாலட்சுமியே மேரி என்று இறுதியில் தெரியவருகிறது. அதுவரை இருவருக்கும் இடையே நின்ற சமய வேறுபாடு, பேசித் தீர்க்கப்படாமல் பிறப்பைச் சுட்டி அழிக்கப்படுகிறது. ஊடலை இத்துணை நுட்பமாக வளர்த்த திரைக்கதை, அதன் தீர்வைத் தம்பதியரின் வாயிலிருந்து பறித்துத் தற்செயலின் கையில் கொடுத்துவிட்டது. மேரிக்குத் தன் வளர்ப்புப் பெயரைப் பற்றிச் சொல்ல ஏதேனும் இருந்திருக்கலாம். இருவடிவங்களிலும் அதற்கு இடமளிக்கப்படவில்லை. அவளுக்கு ‘மிஸ்’ போய்க் கணவன் வருகிறான், ‘மேரி’ போய் மகாலட்சுமி வருகிறாள். இரண்டாவது மாற்றத்துக்கு அவள் இசைவை எந்த மொழியிலும் எவரும் கேட்கவில்லை.