அன்பை ஆராயப் பணம் எதற்கு?

1975-ல் அமெரிக்க செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் இக்கேள்வியை எழுப்பினார். மனிதர் ஏன் காதல் வயப்படுகின்றனர் என்று ஆராய, அந்நாட்டின் தேசிய அறிவியல் நிறுவனம் 84,000 டாலர் அளித்திருந்தது. அது வீண்செலவு என்று கூறி, ‘தங்கக் கம்பளி’ என்னும் கேலி விருதை அந்நிறுவனத்துக்கு வழங்கினார். அன்பும் பரிவும் அளவுக்குள் அடங்காதவை என்ற எண்ணம் நம்மிடையேயும் உண்டு.

இவ்வெண்ணம் சரியன்று. வெப்பம் இன்னதென்று தெளிவாகும் முன்பே, 1714-ல் பாரன்ஹீட் பாதரச வெப்பமானியைச் செய்துவிட்டார். அளந்த பிறகே வெப்பத்தின் இயல்பு விளங்கியது. மனித உறவை நேரடியாக அளக்க முடியாவிட்டாலும், அதன் விளைவுகளை அளக்கலாம் அல்லவா?

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரைக் கொண்டு கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா, காஞ்சிபுரம் ஆகிய இடங்களில் ஓர் ஆய்வு நடந்தது. காஞ்சிபுரப் பணியைச் சென்னையின் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம் ஏற்றது. குலுக்கல் முறையில் நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மற்றப் பிரிவினருக்கு அத்துடன், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு தேடிச் சென்று நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் துணைநின்றனர். முடிவுகள் 2014-ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. ஓராண்டு கழித்து, இரண்டாம் பிரிவினரிடம் நோய்க்குறிகளும் இயலாமையும் சற்றே குறைந்திருந்தன. தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் அப்பயன் தெளிவாகவே தெரிந்தது.

இது பரிவின் வெற்றி என்று உடனே முழங்கிவிடலாகாது. மருந்தைத் தவறாமல் உட்கொள்ளச் செய்வதும் அப்பணியாளர்களின் வேலையே. மருந்தால் விளைந்தது எவ்வளவு, ஆறுதல் பேச்சால் விளைந்தது எவ்வளவு, குடும்பத்தாரின் மனமாற்றத்தால் விளைந்தது எவ்வளவு? இவற்றைப் பிரித்தறிய மேலும் பல ஆய்வுகள் தேவை. பணம் வேண்டுவது இதற்கே.

காஞ்சிபுர ஆய்வுக்குப் பொருளுதவி செய்தது லண்டனிலுள்ள வெல்கம் அறக்கட்டளை. நம் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2008-ல் அறிதிறன் ஆய்வுக்கென ஒரு திட்டம் தொடங்கியது, வரவேற்கத்தக்கதே. ஆயினும் மூளையைப் படமெடுக்கும் கருவிதான் விஞ்ஞானம், வீட்டுத் திண்ணையில் நடக்கும் ஆய்வு வெறும் சமூக சேவை என்று கருதுவது தவறு. கருவியின் விலை ஆய்வின் தரத்துக்கு அளவுகோல் ஆகாது. கேள்வி தெளிவாக இருக்கிறதா, ஒப்பிடும் முறை சரியா என்பவையே அளவுகோல்.

புள்ளலூர் போன்ற சிற்றூரில், நோயுற்ற மகனுக்கு மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறும் தாய்க்கு, எந்த உதவி உண்மையில் பயன் தரும்? இதற்கு விடை தேடும் செலவை வீண்செலவு என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.