பல்லுக்குத் தெரியும் பதம்

கோட்டைப்பட்டினத்தில் அடைமழைக் காலத்தில் உப்புச் சாடிக்குள் கரண்டி எளிதில் இறங்காது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுக்கத் தொடங்கிவிடும். பாக் நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் இந்தக் கரைக்கு அது பெரிய ஈரப்பதமே அல்ல. உப்பைக் கரைக்கிற அதே காற்று நெல்லுக்குள்ளும் போகும், உளுந்துக்குள்ளும் போகும். இதற்கு நடுவே, தையில் அறுத்த விதைநெல்லை அடுத்த ஆவணிப் புழுதி விதைப்பு வரை உயிரோடு வைத்திருந்து முளைக்கவும் வைக்கிறார்கள் மணமேல்குடி, ஆவுடையார்கோவில் பக்கத்து விவசாயிகள். சங்கீதத்தையும் சிற்பத்தையும் ரசிப்பது போல ரசிக்க வேண்டிய வேலை இது. யாரும் கைதட்டாததால் கலை இல்லை என்று ஆகிவிடாது.

கெடாமல் வைக்க இரண்டு வழி உண்டு என்பது மீன்பிடித் துறை உள்ள இந்த ஊருக்குப் புதிதில்லை. ஒன்று கருவாடு, இன்னொன்று ஐஸ் பெட்டி. விதைக்கும் அதே இரண்டுதான்: ஈரத்தை எடு, சூட்டைக் குறை. ஆனால் மீன் செத்தது, விதை உயிருள்ளது. கருவாட்டில் நாம் நிறுத்துவது கிருமியின் வேலையை. விதையில் நிறுத்துவது விதையின் மூச்சையே. முழுக்க நின்றுவிடவும் கூடாது, நிற்காமல் ஓடவும் கூடாது. கைத்திறன் எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான்.

அறுவடையின்போது நெல்மணியில் ஈரம் 20 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். அதைக் களத்தில் மெல்லிய படலமாகப் பரப்பி, காலால் உழவோட்டிக் கிண்டிக் காயவைப்பார்கள். காலை வெயில் நல்லது, சாயங்கால வெயிலும் நல்லது. உச்சி வெயில், அதாவது 12 மணியிலிருந்து 3 மணி வரை, குவித்து மூடிவிட வேண்டும். சாப்பாட்டு நெல்லுக்கு இந்தப் பாடு வேண்டாம். விதைநெல்லோ 43 டிகிரிக்கு மேல் சூடேறினால் முளையில் அடிவாங்கும். அவசரமாக ஈரத்தை இழுத்தால் உள்ளே அரிசி வெடிக்கும். இந்த மூன்று மணி நேரப் பொறுமையைத்தான் நான் இந்தக் கலையின் முதல் அழகு என்பேன். வெயில் இலவசமாகக் கொட்டும்போது அதை வேண்டாம் என்று மூடி வைப்பதற்குத் தனி மனசு வேண்டும்.

பிறகு கடித்துப் பார்ப்பது. ஈரநெல் பல்லுக்கிடையில் நசுங்கும், சத்தம் வராது. காயக் காய அது இறுகும். பதம் வந்ததும் கடக்கென்று இரண்டாக ஒடியும். அந்தச் சத்தத்தைக் கேட்டு அள்ளச் சொல்லும் கிழவிகளின் பல், ஈரம் அளக்கும் கருவிக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. பல் போனவர்களுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி போதும். நன்றாக வறுத்து ஆறிய உப்பையும் நெல்லையும் அதில் போட்டுக் குலுக்கிச் சற்று நேரம் விட வேண்டும். உப்பு குப்பியின் பக்கத்தில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் என்று கணக்கு. கொட்டினால் உதிரியாக விழுந்தால் சரி. இந்தக் கரையில் இந்தச் சோதனைக்கு ஒரு கூடுதல் கஷ்டம் உண்டு: வறுத்த உப்பு ஆறுவதற்குள் திறந்து வைத்தால் அதுவே காற்றிலிருந்து ஈரம் பிடித்துக்கொள்ளும்.

விதைச் சான்றளிப்புத் தரத்தில் நெல்லுக்கு இரண்டு எண்கள் உண்டு. சாக்கில் வைத்தால் 13 சதவீத ஈரம் இருக்கலாம், காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்தால் 8. அடைப்பதற்கு ஏன் இன்னும் காய வேண்டும்? சாக்கு மூச்சு விடும். அடைத்த டப்பாவுக்குள் விதை விடும் மூச்சின் சூடும் ஈரமும் போக வழியில்லாமல் அதையே வேகவைக்கும். ஆனால் சாக்கின் மூச்சு இரு பக்கமும் போகும். எவ்வளவு பாடுபட்டுக் காய வைத்தாலும், இந்தக் கடற்காற்றில் திறந்த சாக்கு நெல் சில வாரங்களில் 14 பக்கம் திரும்பி வந்துவிடும். பல் செய்தது பாதி வேலை, மீதி பாத்திரத்தின் வேலை.

பாத்திரங்களில் எனக்குப் பிடித்தது வைக்கோல் கோட்டை. வைக்கோல் புரியைச் சுற்றிச் சுற்றி உருண்டையாகக் கட்டி, உள்ளே விதைநெல்லை வைத்து, மேலே சாணி மெழுகிவிடுவார்கள். பார்க்கவே அழகு. பலன் என்று பார்த்தால் வாய் மண்பூசி அடைத்த குதிரும், அடுப்புக்கு மேலே பரணில் தொங்கும் சுரைக்குடுக்கையும் அதற்கு மேல். பரணில் சூடு உண்டே என்று கேட்கலாம். சூடு கெடுதல்தான், ஈரம் அதைவிடப் பெரிய கெடுதல். புகையும் வெப்பமும் சேர்ந்து ஈரத்தை அண்டவிடாது. கோபுரக் கலசத்தில் வரகு வைப்பதைப் பற்றி இப்போது பெரிய விஞ்ஞானமாகச் செல்போனில் சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வரகு கெட்டியான தானியம், அதன் பெருமை அதற்கு. செப்புக் குடத்தைப் பங்குனி வெயிலில் உச்சியில் நிறுத்துவதை விதை காக்கும் முறை என்று சொல்ல மாட்டேன்.

கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் ஹாரிங்டன் என்ற விதையியலாளர் இதற்கெல்லாம் ஒரு வாய்ப்பாடு போட்டார். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். கண் மதிப்புக்கான கணக்குத்தான், ஈரம் 5 முதல் 14 சதவீதம் வரை இருக்கும்போது பொருந்தும். அப்படியே போட்டுப் பாருங்கள். 14 ஈரத்தை 8 ஆக்கினால் 64 மடங்கு. 30 டிகிரி அறையிலிருந்து 5 டிகிரி குளிர்பெட்டிக்குப் போனால் 32 மடங்கு. வெயிலும் பொறுமையும் சேர்ந்து மின்சாரத்தைத் தோற்கடிக்கின்றன! அவரே சொன்ன இன்னொரு விதி: ஃபாரன்ஹீட்டில் வெப்பமும் காற்றின் ஈரப்பத சதவீதமும் கூட்டி 100க்குள் இருக்க வேண்டும். 30 டிகிரி செல்சியஸ் என்றால் 86, ஈரப்பதம் 75 என்று வையுங்கள், 161 வருகிறது. கோட்டைப்பட்டினத்தில் திறந்த சாக்கு அந்த 161க்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஈரம் குறையக் குறைய விதையின் உயிரணுவுக்குள் என்ன நடக்கிறது என்பது இன்னும் அழகு. உள்ளிருக்கும் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து கண்ணாடி போல இறுகுகின்றன. எதுவும் நகர முடியாததால் கெடுதலும் மெதுவாகத்தான் நடக்கும். கொழுப்பு மிகுந்த விதைகளுக்கு ஆயுள் குறைவு, எண்ணெய் காறும். அதனால்தான் ஆலங்குடிப் பக்கம் விதைக்கடலையை உடைக்காமல் காயாகவே வைக்கிறார்கள். தோடு உடைந்த பருப்பு சீக்கிரம் முளைப்பை இழந்துவிடும். இதே மாவட்டத்து வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது; அங்கே பிறந்த உளுந்து ரகங்களுக்கு வம்பன் என்றே பெயர். பயறுக்கு எதிரி ஈரம் மட்டுமல்ல, வயலிலேயே காயில் முட்டையிட்டு வீட்டுக்குள் வரும் வண்டும்தான். துவரைக்குச் செம்மண் கட்டுவதும், பயறில் சாம்பல் புரட்டுவதும் அதற்கு. நுண்ணிய தூள் வண்டின் மேல்தோல் மெழுகைச் சுரண்டிவிடும், வண்டு நீர் வற்றிச் சாகும். விதையைக் காப்பாற்றிய வித்தை அப்படியே வண்டுக்கு எமனாகிறது.

குளிர்ச்சியைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று தோன்றலாம். தலைமுறைகளுக்கு வைக்க அது வேண்டும். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த விதைப் பெட்டகம் மைனஸ் 18 டிகிரியில் இருக்கிறது. லடாக்கில் சாங் லா கணவாயருகே 17,000 அடிக்கு மேல் நம் நாட்டுக்கும் ஒன்று உண்டு. ஆனால் அங்கெல்லாமும் முதலில் உலர்த்தல், பிறகு ஈரம் புகாத உறையில் அடைத்தல், கடைசியில்தான் குளிர். ஈரவிதையை உறைய வைத்தால் உள்ளே பனிக்கட்டி முளைத்து அணுக்களைக் கிழிக்கும். வீட்டுக் குளிர்பெட்டியில் காகிதப் பொட்டலமாக விதை வைப்பவர்கள் அந்தப் பெட்டிக்குள்ளும் ஈரம் உண்டு என்பதை மறக்கிறார்கள். குளிர்ந்த குப்பியை வெளியே எடுத்த கையோடு திறந்தால் நம் காற்று அதன்மேல் வியர்த்து ஊற்றும். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியபடியே விட வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறிய பிறகு இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு வாரத்தை, நன்றாகக் காய்ந்து இறுக மூடிய உளுந்து கண்டுகொள்ளாது.

இவ்வளவு பேசியும் இந்தக் கலைக்கு அடங்காத ஒன்று இதே மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கம் மரம் மரமாகக் காய்க்கிறது. பலாக்கொட்டையை உலர்த்தினால் செத்துப்போகும், குளிரில் வைத்தாலும் செத்துப்போகும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் விதைகளும் அதே சாதி. அங்கே சுரபுன்னை, விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டுத் தொங்கும். பலாக்கொட்டைக்குள்ளிருக்கும் முளையை மட்டும் பிரித்தெடுத்து, மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனில் வைத்துக் காக்க டெல்லியில் விஞ்ஞானிகள் முயன்றிருக்கிறார்கள். நமக்கு வழி ஒன்றுதான். நல்ல சுளை அமைந்த பழமென்றால், கொட்டைகள் எல்லாம் குழம்புக்குப் போவதற்கு முன்னால் நாலைந்தைப் பிசினோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே கொல்லையில் ஊன்றிவிட வேண்டும்.