தராசு எவர் கையில்?

"கலைப்படமா? அதைப்பற்றி நாளேட்டு விமர்சகர் தீர்ப்புக் கூறுவதா? மோதலும் காதலும் முடிவில் மணமாலையும் கொண்ட படங்களை நிறுத்துப் பழகிய தராசில், தங்கத்தையா நிறுப்பது?" என்று கேட்போர் கூட்டம் ஒன்று உலகெங்கும் உண்டு. படித்தவர்கள், பன்னாட்டுப் படங்களைப் பார்த்தவர்கள், படவிழாக்களுக்குச் சென்று வந்தவர்கள். அவர்தம் கேள்வியில் உண்மையும் ஒரு பங்கு இருக்கிறது. ஆணவம் எத்தனை பங்கு என்பதைத்தான் அலசிப் பார்த்தாகவேண்டும்.

உண்மைப் பங்கை முதலில் எடுத்துக்கொள்வோம். 1958ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், நியூயார்க் நகரத்துச் சிறிய கொட்டகை ஒன்றில், சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' திரையிடப்பட்டது. வங்கத்துச் சிற்றூர், வறுமை, ஒரு சிறுவன், அவன் அக்காள் — இவ்வளவுதான் கதை. 1956இல் கான் படவிழாவில் பரிசு பெற்ற படம் அது. அந்நாளில் 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டின் படவிமர்சகர் பாஸ்லி க்ரௌதர். சாதாரணப் புள்ளியல்லர், 1940 முதல் அந்த ஆசனத்தில் வீற்றிருந்தவர். அவர் எழுதினால் கொட்டகை நிறையும். அவர் முகஞ்சுளித்தால் அயல்நாட்டுப் படம் பெட்டிக்குள் முடங்கும். அப்படிப்பட்டவர் எழுதினார்: படத்தின் ஓட்டம் சோர்ந்து கிடக்கிறது, ஹாலிவுட் படத்தொகுப்பாளரிடம் கொடுத்தால், இன்னும் வெட்டிச் சீர்செய்யாத முதல் ஒட்டுவேலை என்றுகூட ஏற்பாரோ, மாட்டாரோ என்ற கருத்துப்பட எழுதினார். படத்தின் அழகை அவர் அடியோடு மறுத்தாரில்லை. எனினும் குத்தவேண்டிய முள்ளைக் குத்திவிட்டார்.

அவர் சோர்வு என்று கண்டது எது? படத்தின் இறுதிப் பகுதியை எண்ணிப் பாருங்கள். அக்காள் துர்கா இறந்துவிட்டாள். ஊரைவிட்டுக் கிளம்ப வீட்டை ஒழிக்கும்போது, தம்பி அப்புவின் கையில் அகப்படுகிறது ஒரு மணிமாலை. அவள் திருடினாள் என்று அண்டைவீட்டார் பழி சுமத்தினரே, அவளும் இல்லை, இல்லை என்று சாதித்தாளே — அதே மாலை! சிறுவன் எவரிடமும் சொல்லவில்லை. ஓடிச்சென்று குளத்தில் வீசி எறிகிறான். பாசி விலகுகிறது, நீர் தெரிகிறது, பிறகு மெல்ல மெல்லப் பாசி கூடி, அந்த இடத்தை மூடிக்கொள்கிறது. மாலை விழுந்ததுமே காட்சியை வெட்டிவிடலாம். ஹாலிவுட்டின் கத்தரிக்கோல் அதைத்தான் செய்திருக்கும். சொல்லவேண்டிய செய்தி முடிந்துவிட்டதல்லவா? ஆனால் அந்தப் பாசி மூடும் நேரத்தில்தானே, செத்துப்போன அக்காளின் மானத்தைத் தம்பி காப்பாற்றுகிறான்! காத்திருந்த கண்ணுக்கு அது தெரியும். கைக்கடிகாரத்தைப் பார்த்த கண்ணுக்குத் தெரியாது.

க்ரௌதரின் பிழை இங்கே இருக்கிறது. வங்கத்துச் சிற்றூரின் பகலை, கலிபோர்னியா ஸ்டுடியோவின் கடிகாரத்தால் அளந்தார். நியூயார்க் மக்கள் என்ன செய்தனர் என்பதையும் சொல்லிவிடவேண்டும்: அதே கொட்டகையில் அந்தப் படம் எட்டுத் திங்கள் ஓடிற்று.

"பார்த்தீரா! யாம் சொன்னோமே!" என்று பண்டிதர் கூட்டம் துள்ளி எழும். அவசரம் வேண்டாம். இதே க்ரௌதரின் வரலாற்றில் வேறோர் ஏடும் இருக்கிறது, அதையும் புரட்டியாகவேண்டும்.

இத்தாலி நாட்டு ரோசலினி எடுத்த 'அற்புதம்' என்ற குறும்படம் 1950ஆம் ஆண்டு இறுதியில் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. ஆடு மேய்க்கும் ஏழைப்பெண்; அறிவு சற்றே தெளிவில்லாதவள். வழிப்போக்கன் ஒருவனைப் புனித சூசையப்பர் என்றே நம்பிவிடுகிறாள், அவன் மதுவைக் கொடுத்து மயக்குகிறான், அவள் கருவுறுகிறாள், தெய்வக் குழந்தை என்று எண்ணி மகிழ்கிறாள். ஊரார் எள்ளி நகையாடுகின்றனர். மலைமேல் தன்னந்தனியே பெற்றெடுக்கிறாள். கல்நெஞ்சும் கரையும் கதை. ஆயின் கர்தினால் ஸ்பெல்மன் கொதித்தெழுந்தார். அந்தப் படத்தைப் புறக்கணிக்குமாறு 1951இல் கத்தோலிக்கருக்கு அறைகூவல் விடுத்தார். கொட்டகை வாயிலில் மறியல். நியூயார்க் மாநில அதிகாரிகளோ, மதநிந்தனை என்று கூறி உரிமத்தையே பறித்தனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. திரைப்படமும் கருத்துரைக்கும் சாதனமே, அதற்கும் பேச்சுரிமையின் காப்பு உண்டு, மதநிந்தனை என்பதைக் காரணமாகக் காட்டி அதைத் தடைசெய்தல் ஆகாது என்று 1952இல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். படம் வெறும் வாணிபம், அதற்குப் பேச்சுரிமை ஏது என்று 1915இல் கூறப்பட்ட பழைய தீர்ப்பு அன்றோடு மடிந்தது.

அந்தப் போராட்டத்தில், நியூயார்க் நாளேட்டு விமர்சகர்கள் எந்தப் பக்கம் நின்றனர்? 'அற்புதம்' அடங்கிய மூன்று குறும்படங்களின் தொகுப்புக்கே 1950ஆம் ஆண்டின் சிறந்த அயல்நாட்டுப் படம் என்ற பரிசை அளித்தது நியூயார்க் படவிமர்சகர் குழு! க்ரௌதர் தணிக்கையை எதிர்த்து எழுதினார். ரோசலினியின் பக்கம் நின்று எழுதினார். இலட்சக்கணக்கானோர் படிக்கும் நாளேட்டிலே அதை எழுதுவதற்குத் துணிவு வேண்டும். நூறு பேர் படிக்கும் கலைத் திங்களிதழில், கர்தினாலின் கண்ணில் படாமல் எழுதுவதற்கு அவ்வளவு துணிவு வேண்டியதில்லை.

ஆக, ஒரே மனிதர். ஒரு கலைப்படத்தைக் காப்பாற்றினார். இன்னொன்றைக் கண்டுகொள்ளாமல் இடறினார். நாளேட்டுக்காரர் என்பதாலா காப்பாற்றினார்? நாளேட்டுக்காரர் என்பதாலா இடறினார்? இரண்டும் இல்லை. ரோசலினியின் படத்தில் மனிதரைப் பார்த்தார். ரேயின் படத்தில் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார்.

சரி, பண்டிதர்தம் தராசு பிழையற்றதுதானா? 1960ஆம் ஆண்டு கான் நகரில் அந்தோனியோனியின் 'லாவெந்துரா' திரையிடப்பட்டது. தீவுக்கு உல்லாசமாகச் சென்ற கூட்டத்தில் ஒரு பெண் காணாமற் போகிறாள், தேடுகின்றனர், கடைசிவரை அவள் கிடைப்பதில்லை. தேடப் புறப்பட்ட காதலனும் தோழியுமே ஒருவரையொருவர் நாடிவிடுகின்றனர். என்ன நடந்தது அரங்கத்தில்? ஏளனச் சிரிப்பு! கூச்சல்! நீண்ட காட்சிகள் வந்தபோது "வெட்டு! வெட்டு!" என்ற ஆரவாரம்! கூச்சலிட்டோர் வாரச்சம்பளம் வாங்கிக்கொண்டு தரை டிக்கெட் எடுத்து வந்த தொழிலாளரா? அல்லர். படவிழாவுக்கு அழைப்புப் பெற்று, மாலை உடுப்பணிந்து வந்த மேன்மக்கள். படத்தொழிலைக் கரைத்துக் குடித்தவர்கள். க்ரௌதர் நயமாக எழுதியதையே அவர்கள் தொண்டை கிழியக் கத்தினர். மறுநாளே இயக்குநர்களும் விமர்சகர்களும் சிலர் சேர்ந்து, அந்தோனியோனிக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டனர். ரோசலினியும் அதில் ஒப்பமிட்டவர். நடுவர் குழு பரிசும் அளித்தது. ஈராண்டு கழித்து, 1962இல், 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற ஆங்கில இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், உலகத்தின் மிகச் சிறந்த படங்களுள் இரண்டாம் இடம் அதற்கே கிட்டிற்று. இழித்ததும் அறிந்தோர் கூட்டம். புகழ்ந்ததும் அறிந்தோர் கூட்டம்.

எனவே, "புரியாதவன் வாய்மூடி நிற்கவேண்டும், புரிந்தவர் நாங்கள் கூறுவோம்" என்ற பேச்சை நான் ஏற்பதற்கில்லை. இந்தக் குரலின் சாயலை நம் தோழர்கள் வேறிடத்திலும் கேட்டிருப்பர்: ஓதும் உரிமை எமக்கு, தலையாட்டும் கடமை உமக்கு! கருவறைக்குள் மூர்த்திக்குப் பதில் படச்சுருளை வைத்துவிட்டால் பூசாரித்தனம் ஒழிந்துவிடுமா? புரியாமையைப் பெருமையாக்கி, "இது உங்களுக்கானதன்று" என்று மக்களை வாயிலிலேயே நிறுத்துவதால் இழப்பு யாருக்கு? படவிழாச் சீட்டு வாங்க வழியில்லாதவனுக்கு, இப்படி ஒரு படம் உலகில் இருக்கிறது என்ற செய்தியைக் கொண்டு வருவது நாளேடுதான். அந்தப் பாலத்தை உடைத்துவிட்டு, மக்களுக்குச் சுவை இல்லையென்று புலம்புவது என்ன நியாயம்?

பாலத்தைப் போட்டவர்களே அதைக் குறுக்கியதும் உண்டு. மறைப்பானேன்? ஐந்து விண்மீனுக்கு இத்தனை. கட்டைவிரல் மேலே, கட்டைவிரல் கீழே. இன்று இணையத்திலோ, விமர்சனங்களையெல்லாம் நன்று, தீது என்ற இரண்டே கூடைகளில் கொட்டி, நூற்றுக்கு இத்தனை என்று கணக்குக் காட்டுகின்றனர். கத்தரிக்காய்க்கு அது பொருந்தும். தயங்கித் தயங்கிப் பாராட்டிய விமர்சனமும், தலைமேல் வைத்துக் கொண்டாடிய விமர்சனமும் ஒரே கூடையில் விழுந்தால், காரணம் எங்கே போயிற்று? காரணம் போனபின் அது விமர்சனமா, ஏலமா?

கட்டைவிரல் வித்தையால் தொலைக்காட்சியில் பெயர் பெற்ற ரோஜர் ஈபர்ட்டையே எடுத்துக்கொள்வோம். சிகாகோ நாளேட்டுக்காரர், 1967 முதல் 2013இல் இறக்கும்வரை அங்கேயே எழுதியவர், 1975இல் புலிட்சர் பரிசு பெற்றவர். தொழிலுக்கு வந்த முதலாண்டிலேயே இங்க்மர் பெர்க்மனின் 'பெர்சோனா' அவர்முன் வந்து விழுந்தது. பேச்சை நிறுத்திவிட்ட நடிகை, அவளுக்குப் பணிவிடை செய்யும் தாதி, இருவர் முகமும் ஒன்றாகிவிடும் காட்சி — பண்டிதரையே திணற அடிக்கும் படம். அன்று அது தனக்குப் புரிந்ததாகத் தாம் எண்ணவில்லை என்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பிறகு அவரே எழுதினார். அதோடு நின்றாரா? உட்பொருள் தேடி ஓடுவதைவிட, திரையில் தெரிவதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் அந்தப் படத்தை நெருங்கும் நல்வழி என்றும் விளக்கினார். புரியாததைப் புரிந்ததாக நடிக்கவில்லை. புரியவில்லை என்பதற்காகப் படத்தைப் பழிக்கவுமில்லை.

அதே ஈபர்ட், ஈரான் நாட்டு கியரோஸ்தமியின் 'செர்ரியின் சுவை'க்கு 1998இல் ஒரே ஒரு விண்மீன் தந்தார். கான் விழாவின் தலைப்பரிசைப் பகிர்ந்துகொண்ட படம்! தற்கொலை செய்துகொள்ளத் துணிந்த ஒருவர், தெஹ்ரான் புறநகர்க் குன்றுகளில் மோட்டாரை ஓட்டிக்கொண்டே, தன் உடல்மீது மண் தள்ள ஆள் தேடுகிறார். சாவுக்குக் காரணம் சொல்லப்படவே இல்லை. அவரைப்பற்றி ஒன்றும் தெரியாதபோது எப்படி அவர்மீது அக்கறை கொள்வது என்பது ஈபர்ட்டின் வழக்கு. அதே நகரத்து வார ஏட்டிலே ஜோனதன் ரோசன்பாம் அதே படத்தைத் தலைசிறந்த படைப்பென்று போற்றி எழுதினார்.

என் எண்ணத்தில் ஈபர்ட்டின் வழக்குத் தோற்கவேண்டிய வழக்கு. காரணம் சொல்லியிருந்தால், அந்தக் காரணம் சாவுக்குப் போதுமா என்று நாம் தீர்ப்பெழுதத் தொடங்கியிருப்போம். சொல்லாததால்தான், மோட்டாரில் ஏறிய மூவரைப் பார்க்கிறோம்: இளம் குர்து சிப்பாய் அஞ்சி ஓடுகிறான், ஆப்கன் மாணவன் மறைநூல் தடுப்பதைக் கூறுகிறான், அருங்காட்சியகத்தில் பறவைகளைப் பாடம் செய்யும் முதியவரோ, தாமும் ஒருநாள் கயிற்றோடு போய், மரத்திலிருந்த முசுக்கட்டைப் பழத்தைத் தின்றுவிட்டுத் திரும்பிய கதையைச் சொல்கிறார். வறுமையும் மதமும் வாழ்வும் ஒவ்வொன்றாய் வந்து அந்த இருக்கையில் அமர்கின்றன. ஆனால் ஒன்று: ஈபர்ட் தம் காரணத்தை மறைக்காமல் எடுத்து வைத்ததால்தான், அதை இப்படி மறுக்க என்னால் முடிகிறது. வெறும் விண்மீனை எவர் மறுக்க முடியும்?

கடைசிக் காட்சியில் மட்டும் அவர் பக்கமும் சிறிது நியாயம் இருப்பதாகப் படுகிறது. குழியில் படுத்தவர்மீது இருள் கவிந்தபின், திடீரென்று மங்கலான வீடியோ படத்தில் படப்பிடிப்புக் குழுவே தோன்றுகிறது. நடிகர் எழுந்து வந்து இயக்குநரிடம் சிகரெட் நீட்டுகிறார். இது படந்தான் என்று நினைவூட்டும் அந்த உத்தி பழையது, அலுத்துப்போனது என்கிறார் ஈபர்ட். உத்தி பழையதுதான். ஆயினும் பசுமை பூத்த அதே குன்றில் சிப்பாய்கள் ஓய்வாகக் குந்தியிருக்க, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் எக்காளத்தில் சாவுப்பாட்டின் மெட்டு எழும்போது, அதை வெட்டி எறியக் கத்தரிக்கோலை எடுக்க எனக்குக் கை வரவில்லை.