கடலடியில் விழித்த ஒன்று

அரிச்சல்முனைக்குப் போயிருக்கிறீர்களா? இராமேசுவரம் தீவின் தென்கிழக்குக் கோடி அது. ஒரு பக்கம் பாக் நீரிணை. மறுபக்கம் மன்னார் வளைகுடா. அலையடங்கிக் கிடக்கும் முதலாவதைப் பெண்கடல் என்றும், ஓயாமல் கரையை அறையும் இரண்டாவதை ஆண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். திரும்பும் வழியில் பழைய தனுஷ்கோடியில் இறங்குங்கள். கூரையில்லாத தேவாலயத்தையும் இடிந்த ரயில் நிலையத்தையும் சுற்றி, கூட்டத்தை விட்டு விலகிச் சிறிது தூரம் தனியே நடந்து பாருங்கள். துரத்துவார் யாருமில்லை. காற்றும் மணலும்தான். ஆனாலும் ஏதோ ஒன்று நெஞ்சை அழுத்தும்.

இந்த உணர்ச்சியையே முதலாகக் கொண்ட கணிப்பொறி விளையாட்டு வகை ஒன்று உண்டு. சுடுவதும் வெட்டுவதும் அதில் இல்லை. மதிப்பெண் இல்லை. நடப்பதும் பார்ப்பதும் கேட்பதுமே ஆட்டம். கேலியாகச் சூட்டப்பட்ட 'வாக்கிங் சிமுலேட்டர்' என்ற பெயரே பின்னர் நிலைத்துவிட்டது. 'தி சைனீஸ் ரூம்' என்ற பிரிட்டன் நிறுவனம் 2012இல் வெளியிட்ட 'டியர் எஸ்தர்' இவ்வகைக்கு வழிகாட்டி. ஸ்காட்லாந்தை அடுத்த ஆளரவமற்ற தீவொன்றில் நடந்து திரிவதே அது. அதே நிறுவனம் 2024இல் வெளியிட்ட 'ஸ்டில் வேக்ஸ் தி டீப்' என்னும் ஆட்டத்தைத்தான் இங்கே ஆராயப் போகிறோம். இதில் ஓட்டமும் ஏற்றமும் நீச்சலும் ஒளிதலும் உண்டு என்றாலும், கையில் ஆயுதம் கிடையாது. ஆதலால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே கொள்ளலாம்.

காலம் 1975 டிசம்பர். இடம் வடகடலில் நிற்கும் 'பெய்ரா டி' என்ற எண்ணெய்த் துளைமேடை. நீங்கள் அங்கே மின்பணி செய்யும் காஸ் என்ற தொழிலாளி. கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. துரப்பணம் கடலடியில் எதையோ தொட்டுவிடுகிறது. அதன்பின் மேடை மேடையாக இல்லை. உடன் வேலை செய்தவர்களும் மனிதர்களாக இல்லை.

பூமியைத் துளைப்பது நம் வாசகர்களுக்குப் புதிதன்று. இராமநாதபுரத்தை அடுத்த வழுதூரில் இயற்கை வாயுவைக் கொண்டே மின்சாரம் எடுக்கிறார்கள். துளைக்கும்போது குழாய் வழியே கனமான சேற்றுக் குழம்பை ஓயாமல் உள்ளே செலுத்துவார்கள். கீழேயிருக்கும் வாயுவின் அழுத்தத்தை அந்தச் சேற்றின் பாரம் அடக்கி வைக்கும். அந்தச் சமநிலை தவறினால் என்ன ஆகும் என்பதைத் துளைமேடையில் வேலை செய்யும் எவரும் மறப்பதில்லை. பாறைக்கு அடியில் நம்மை நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் ஒன்று உண்டு என்ற அறிவியல் உண்மையிலேயே ஆட்டத்தின் கற்பனை கால் ஊன்றியிருக்கிறது. அதுவே அதன் முதல் சிறப்பு.

இனி 'பேரண்ட அச்சம்' என்பதைச் சற்று விளக்கவேண்டும். நம் ஊர்ப் பேய்க்கதைகளில் பேய்க்கு ஒரு வழக்கு இருக்கும். யாரோ அதைக் கொன்றார்கள். அது பழிவாங்க வந்திருக்கிறது. ஆக, பேய்க்கு நம்மைத் தெரியும். அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் (1890–1937) வளர்த்த கதைவகையில் அப்படியில்லை. அங்கே வருவதற்கு நம்மீது கோபமில்லை; நாம் இருப்பதே அதற்குத் தெரியாது. வண்டிச் சக்கரத்துக்கு எறும்பின்மேல் என்ன பகை? 1927இல் வந்த அவருடைய கதையொன்றில், விண்கல்லோடு வந்து ஒரு பண்ணையை அழிப்பது பெயரிடமுடியாத ஒரு நிறம் மட்டுமே. 'பெய்ரா டி'யில் படரும் வானவில் மினுக்கமும் அந்த நிறத்தின் உறவுதான்.

ஆட்டத்தின் உயிர் ஒலியில் இருக்கிறது. இரும்பு முறுகும் ஓசை, தொலைவில் எவரோ அழைப்பது போன்ற முனகல், எல்லாவற்றுக்கும் மேலாகப் புயற்காற்று. நீருக்குள் மூழ்கிச் செல்லும் பகுதிகளை எண்ணிப் பாருங்கள். ஒலி ஒரு காதை எட்டிய பிறகு மறு காதை எட்ட ஆகும் நுண்ணிய கால வேறுபாட்டை வைத்தே, அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மூளை பெருமளவு கணிக்கிறது. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். நீரிலோ சுமார் 1,500 மீட்டர். கால வேறுபாடு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடுவதால், மூழ்கியவனுக்குத் திசை மயங்குகிறது. நீருக்குள் நமக்கு வரும் பயம் கோழைத்தனம் அன்று. கருவி பழுதுபட்ட மாலுமியின் தவிப்பு.

குறைகள் என்ன? போகவேண்டிய வழியெங்கும் விளிம்புகளில் மஞ்சள் சாயம் பூசி வைத்திருக்கிறார்கள். நொறுங்கும் மேடையில் திகைத்து நிற்கவேண்டியவன், சாயத்தைத் தேடிப் பிடிக்கும் பிள்ளையாகிவிடுகிறான். அதைக்கூடப் பொறுக்கலாம். உருமாறிய தோழர்களிடமிருந்து ஒளிந்து தப்பும் கட்டங்களைப் பொறுப்பது கடினம். முதல் முறை பிடிபட்டால் குலை நடுங்கும். மீண்டும் அதே இடத்தில் தொடங்கி இரண்டாம் முறை பிடிபட்டால், அது எந்தப் பக்கம் திரும்பும், எத்தனை நொடி நிற்கும் என்று கணக்கிடத் தொடங்கிவிடுவீர்கள். எறும்பு சக்கரத்தின் கால அட்டவணையை அறிந்துகொண்டால் அச்சம் ஏது? என்னைக் கேட்டால், அரக்கன் வரும் இடங்களைவிட, திறந்த தளத்தில் கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி கருங்கடலைப் பார்க்க நேரும் கணங்களே மேலானவை.

ஏனென்றால் கடலுக்கு ஒப்பனை வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, அதுவும் கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாட்களுக்கு முன், தனுஷ்கோடியில் எழுந்த கடலை நினையுங்கள். பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பயணி வண்டி நிலையத்தை எட்டுமுன் நீர் அதை வாரிக்கொண்டது; உள்ளிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இந்தியாவிலும் இலங்கையிலுமாகச் சுமார் 1,800 பேர் மாண்டதாகக் கணக்கு.

அது எப்படி எழுந்தது? காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். ஐம்பது மில்லிபார் குறைந்தாலும் அரை மீட்டர்தான். மீதியைச் செய்வது காற்று. ஆழ்கடலில் காற்று தள்ளும் நீர் அடிவழியே திரும்பிப் போய்விடும். ஆழமற்ற கடலில் அதற்கு இடமில்லை, குவிந்து எழும், அதன்மீது அலைகள் ஏறிவரும். சாதுவாகத் தோன்றும் ஆழமற்ற நீரே புயற்காலத்தில் மிகுதியாக எழக்கூடியது.

இதைப் படித்த பிறகு அச்சம் குறைந்ததா? எனக்குக் குறையவில்லை. ஆட்டத்தோடு எனக்குள்ள பெரிய பிணக்கு இதுவே. புரிந்துகொள்ள முடியாததே பயங்கரம் என்று அது நம்பச் சொல்கிறது. தனுஷ்கோடியை விழுங்கியது புரிந்துகொள்ளக்கூடியது. அதற்கும் நம்மீது பகையில்லை. நாம் இருப்பதும் அதற்குத் தெரியாது. வேறுபாடு, அது வருவதை நாம் அறியமுடியும் என்பதுதான். அன்று நமக்கென வானிலை பார்க்கும் செயற்கைக்கோள் இல்லை. 1980களில்தான் இன்சாட் வந்தது. அது வந்த பின்னும், 2017இல் ஒக்கிப் புயலின்போது, ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு 'பேய் நகரம்' என்று சொல்லித் தனுஷ்கோடிக்குச் சுற்றுலா அழைப்பவர்கள், பழியைப் பேயின்மேல் போட்டுவிட்டுப் போகிறார்கள். அங்கே இன்னும் மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் இருக்கின்றன.

வசைமொழியும் குருதியும் மிகுந்திருப்பதால் ஆட்டம் பள்ளி மாணவர்களுக்கு ஏற்றதன்று. மற்றவர்கள் விளக்கை அணைத்து, காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு ஆடலாம்; ஓரிரு இரவுகளில் முடிந்துவிடும். ஸ்காட்லாந்தில் சில பதினாயிரம் பேரே பேசும் கேலிக் மொழியிலும் இதன் வசனங்களை எழுத்தில் தந்திருக்கிறார்கள். நம் இளைஞர் எவரேனும் அந்த 653ஆம் எண் வண்டியிலிருந்து ஓர் ஆட்டத்தைத் தமிழில் தொடங்கட்டும். பவளக்கல் சுவர்கள், தந்திக் கம்பி, தலைமன்னாருக்குப் போகும் கப்பல் எல்லாம் இருக்கட்டும். அரக்கனை மட்டும் வைக்கவேண்டாம்.